சி டிரைவில் இடமில்லை

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்த நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. “சார், மதராசி கேம்ப்பிலேருந்து பேசறேன்” என்றது ஒரு பெண் குரல். மதராசி கேம்ப் என்று ஒன்று அப்போது இல்லை. ஜூன் 1-ஆம் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், புல்டோசர்கள் வந்து இடித்துத் தள்ளியாகிவிட்டது. ஆனாலும் அந்த அம்மாள் தம்மை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். எனக்கும் யாரென்று உடனே புரிந்துவிட்டது.

“முன்னே ஒரு தடவை கரெண்டு பில்லு, பேங்க் புஸ்தகம் எல்லாம் குடுத்தேனே சார். நீங்ககூட மனு எழுதிக் குடுத்தீங்க. அந்தக் காப்பி உங்ககிட்டே இருக்குமா? என்னோடது எல்லாம் தண்ணியிலே ஊறிப் போச்சு.”

“இருக்கணும்மா. தேடிப் பார்க்கறேன். சாயந்திரம் தம்பியை அனுப்புங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, மனசுக்குள் திக்கென்றது. அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. அந்த லேப்டாப் சில மாதங்களாகவே “இடமில்லை, இடமில்லை” என்று சொல்லி எதையும் திறக்க மறுத்துக்கொண்டிருந்தது.

தில்லிக்குப் புதிதாக வந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஜங்புராவுக்குப் பக்கத்தில், பாராபுல்லா நாலாவின் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த தமிழர் குடியிருப்புதான் மதராசி கேம்ப். ஐம்பது வருஷத்துக்கும் மேல் பழையது. ஜங்புரா, நிஜாமுதீன் பக்கத்து வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் பலரும் அங்கேயிருந்துதான் வருவார்கள். மழைக்காலத்தில் நாலா அடைத்துக்கொண்டு வெள்ளம் வருகிறது, கரையைக் காலி செய்ய வேண்டும் என்று வழக்கு வந்து, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9-ஆம் தேதி உத்தரவு போட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். இடிப்பதற்கு முன் வந்த பட்டியலில் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவர்கள் என்று 189 குடும்பங்களே இருந்தன. நம்மை அழைத்த அம்மாளின் பெயர் அந்த 189-இல் இல்லை. சராய் காலே கான் பக்கம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

தகுதி என்பது என்ன? தில்லி அரசின் 2015-ஆம் வருஷக் கொள்கைப்படி, 1.1.2015-க்கு முன்னாலிருந்தே அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்; அதோடு, அந்தத் தேதிக்கு முன் கொடுக்கப்பட்ட ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, போட்டோ ஒட்டிய அரசு வங்கிப் பாஸ் புத்தகம் போன்றவற்றில் ஒன்றாவது வேண்டும். முப்பது வருஷம் ஒரே இடத்தில் வாழ்ந்தவருக்கு அந்தத் தேதிக்கு முந்தைய ஒரு துண்டுக் காகிதம்தான் வீடு. அந்தத் துண்டு, தெய்வாதீனமாக, 2016-இல் போகல் கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்கேன் செய்து எனக்கு ஈமெயிலில் அனுப்பிய கட்டில் இருந்தது. அப்போதெல்லாம் ஓய்வு நேரத்தில் கேம்ப்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். அவரவர் காகிதத்தை அந்தக் கடையில் கொடுத்தால் அவர் எனக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கடையும் இப்போது இல்லை.

இனி லேப்டாப்புக்கு வருவோம். 2016-இல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியது. சேமிப்பிடம் மொத்தம் 32 ஜிபி. அதுவும் பலகையோடு பற்றவைத்தது, கழற்றி வேறு போட முடியாது. பெயருக்குத்தான் 32; விண்டோஸ் கணக்கில் 29 கூடத் தேறாது. அதில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் இருபதைச் சாப்பிட்டுவிட்டன. மீதி இடத்தில் பெரும்பங்கு என் ஈமெயில். தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் புரோகிராமைத்தான் நான் வெகுகாலமாக உபயோகிக்கிறேன். மெயில் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். நெட் இல்லாவிட்டாலும் படிக்கலாம். நான் வைத்திருந்த ஏற்பாட்டின்படி, இறக்கிக்கொண்ட கடிதம் 14 நாள் கழித்து மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துபோகும். ஆகவே உலகத்தில் அந்தக் கடிதத்துக்கு ஒரே பிரதி, என் மேஜை மேல் இருந்த அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான். வீட்டில் பலரும் இப்படித்தான் வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

அன்று மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தேன். சி டிரைவின் கோடு முழுக்கச் சிவப்பு. 300 எம்பி மிச்சம். தண்டர்பேர்ட் திறந்தது, ஆனால் தேடச் சொன்னால் உறைந்துபோயிற்று.

வேண்டாததை அழித்தால் இடம் கிடைக்குமே என்று தோன்றியது. தீபாவளி வாழ்த்துப் படங்கள், ராசிபலன், யாரோ யாருக்கோ அனுப்பியதை எனக்கும் சேர்த்து அனுப்பிய நகைச்சுவைகள், இப்படி நூற்றுக்கணக்கில் தேர்ந்தெடுத்து டிலீட் செய்தேன். இடம் கூடவில்லை. பார்த்தால், குறைந்திருந்தது!

இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. தண்டர்பேர்ட் பொதுவாக ஒரு ஃபோல்டரிலுள்ள எல்லாக் கடிதங்களையும் ஒரே நீண்ட ஃபைலில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கிறது. மளிகைக் கடை நோட்டு மாதிரி. நாம் டிலீட் செய்தால் அந்த வரியின்மேல் கோடுதான் அடிக்கிறது, பக்கம் குறைவதில்லை. போதாததற்குக் குப்பைக்கூடை ஃபோல்டர் என்ற இன்னொரு நோட்டில் அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதுகிறது. கோடு அடித்ததை எல்லாம் விட்டுவிட்டுப் புது நோட்டில் சுத்தப் பிரதி எடுத்தால்தான் இடம் மிச்சமாகும். அதற்குப் பெயர் காம்பேக்ட். புதுப் பிரதி எழுதி முடிக்கும்வரை பழைய நோட்டும் இருக்க வேண்டுமே? அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால்தான் காம்பேக்ட் செய்ய வந்தோம். “பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்” என்ற கதை.

ஆகவே ஒரே வழி, இந்த மெயில் மூட்டையை அப்படியே சி டிரைவை விட்டு வேறு இடத்துக்குக் குடிமாற்றுவது.

சாயந்திரம் அந்த அம்மாளின் மகன் வந்தான். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், தமிழ் நன்றாக எழுதுவான், இப்போது கல்லூரி. நம் பிள்ளைகளைப் போலவே அவனும் என்னை “அங்கிள்” என்றுதான் கூப்பிடுவான். நிலைமையைச் சொன்னேன். “இவ்வளவுதானே அங்கிள், கட் பண்ணி பென் டிரைவில் பேஸ்ட் பண்ணிடலாம்” என்று மவுஸைப் பிடித்துவிட்டான்.

அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். கட் என்றால் இங்கிருந்து எடுத்துவிடும். பாதி வழியில் மின்சாரம் போனாலோ, பென் டிரைவ் ஆடினாலோ, பாதிச் சாமான் அங்கே, பாதி இங்கே. வீடு மாற்றும்போது டெம்போ நடுவழியில் நின்ற கதையாகிவிடும். எப்போதும் காப்பிதான். பழையது பழைய இடத்திலேயே இருக்கட்டும், எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி என்று காப்பி போட்டான். சிறிது நேரம் ஓடியது. இன்பாக்ஸ் ஃபைல் வந்ததும், இந்த ஃபைல் இங்கே அடங்காத அளவு பெரியது என்று செய்தி. பென் டிரைவில் இருந்ததோ 14 ஜிபி காலி இடம்! பையன் முழித்தான். விஷயம் இதுதான். பழைய பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்-32 என்ற முறையில் தயார் செய்யப்பட்டிருக்கும். அதில் மொத்தம் எவ்வளவு இடம் இருந்தாலும், ஒரு தனி ஃபைல் 4 ஜிபியை எட்டக் கூடாது. பத்து வருஷக் கடிதங்கள் ஒரே நோட்டில் இருந்த என் இன்பாக்ஸ் 5 ஜிபிக்கு மேல். அகலமான அறைதான், ஆனால் வாசல் குறுகல், பீரோ நுழையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரு ப்ளேஸ் கடைகள் மூடியிருக்கும். மறுநாள் திங்கட்கிழமை போய் 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று பில்லோடு வாங்கி வந்தேன். நடைபாதையில் பாதி விலைக்கு விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். 128 என்று அச்சடித்திருக்கும், உள்ளே 8 கூட இருக்காது. எழுதுகிற வரை எழுதியதுபோலவே காட்டிவிட்டு, திறக்கும்போது கையை விரிக்கும். அடுத்தவர் ஆவணத்தை வைக்கப்போகிற இடத்தில் இந்தச் சிக்கனம் கூடாது. லேப்டாப்பின் பக்கவாட்டில் கார்டுக்கு ஒரு பொந்து உண்டு, வாங்கியதிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை.

கார்டை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தோம். இதில் 4 ஜிபி தடை இல்லை. அடுத்து, தண்டர்பேர்ட்டை மூடினோம். மூடினேன் என்றால் ஜன்னலை மூடுவது மட்டும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் போய் அது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்த்தோம். ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி எடுத்தால், எழுதிக்கொண்டிருக்கிற நோட்டைப் பிடுங்குகிற மாதிரி, கடைசிப் பக்கம் கிழிந்து வரும்.

மெயில் மூட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பலருக்குச் சிரமம். சி டிரைவில் யூஸர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் ப்ரொஃபைல்ஸ். ஆப்டேட்டாவை விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும். சுலபமான வழி, மூடுவதற்கு முன்பே தண்டர்பேர்ட்டின் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்து, ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியில் உள்ள பட்டனை அழுத்தினால் நேரே அங்கே கொண்டுபோய் விடும். எட்டுப் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு விநோதப் பெயரில் ஃபோல்டர் இருக்கும். அதுதான் மூட்டை. கடிதங்கள், முகவரிப் புத்தகம், கணக்கு விவரம் எல்லாம் அதற்குள்.

அந்த ஃபோல்டரைக் கார்டுக்குக் காப்பி செய்ய அரைமணிக்கு மேல் ஆயிற்று. முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று ஒப்பிட்டோம். பையன் வாசித்தான், நான் டிக் அடித்தேன். சரியாக இருந்தது.

இந்த இடத்தில்தான் அநேகம் பேர் வேலை முடிந்தது என்று நினைத்துப் பழையதை அழித்துவிடுகிறார்கள். முடியவில்லை. சாமான் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். தண்டர்பேர்ட்டுக்கு அது தெரியாது. அது தினமும் காலையில் பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டும். ப்ரொஃபைல்ஸ் என்ற பெயரில் ஒரு குட்டி ஃபைலில் முகவரி எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் போகும். புது முகவரியை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு ப்ரொஃபைல் மேனேஜர் இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் கட்டத்தில் தண்டர்பேர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பி எழுத்தும் போட்டு என்டர் தட்டினால் திறக்கும். புது ப்ரொஃபைல் உண்டாக்குவதாகச் சொல்லி, ஃபோல்டரைத் தேர்ந்தெடு என்று கேட்கும்போது கார்டில் இருக்கும் நம் மூட்டையைக் காட்ட வேண்டும். நான் அவசரத்தில் மூட்டையைக் காட்டாமல் அதற்கு வெளியே இருந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். தண்டர்பேர்ட் திறந்தது. உள்ளே ஒரு கடிதம் இல்லை. “வருக, புதுக் கணக்கு துவங்குவோமா?” என்று கேட்டது. பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றும் அழியவில்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டினோம், காலி வீடு திறந்தது. மூடிவிட்டு மறுபடி மேனேஜரைத் திறந்து அந்தக் காலி ப்ரொஃபைலை நீக்கினேன். நீக்கும்போது ஃபைல்களையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். “ஃபைலை அழிக்காதே” என்பதைத்தான் அழுத்த வேண்டும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் ஆம் சொன்னவர்கள் அழுததை நான் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை சரியான ஃபோல்டரைக் காட்டினேன்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். சி டிரைவில் இருந்த பழைய மூட்டையின் பெயருக்குப் பின்னால் “பழையது” என்று சேர்த்துப் பெயரை மாற்றினோம். அழிக்கவில்லை, பூட்டி வைத்தோம். இப்போது தண்டர்பேர்ட் எல்லாக் கடிதத்தையும் காட்டினால் அது நிச்சயமாகப் புது இடத்திலிருந்துதான் எடுக்கிறது. இந்தச் சோதனை இல்லாவிட்டால், புரோகிராம் இன்னும் பழைய இடத்திலிருந்தே படித்துக்கொண்டிருக்கும், நாமோ மாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கூடவே அக்கவுன்ட் செட்டிங்ஸில், சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் லோக்கல் டைரக்டரி என்ற வரியையும் பார்க்க வேண்டும். அதில் கார்டின் எழுத்து இருக்க வேண்டும்.

திறந்தது. பத்து வருஷக் கடிதமும் வரிசையாக நின்றது. ஜெராக்ஸ் கடைக்காரரின் முகவரியைப் போட்டு 2016 என்று தேடினேன். நாலு இணைப்புகளோடு ஒரு கடிதம். முதலில் வாக்காளர் அட்டை. அடுத்து, போட்டோவோடு பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம். மூன்றாவது, 2013 நவம்பர் மாத மின் கட்டண ரசீது, ஓரத்தில் மஞ்சள் கறை, ஆனால் பெயரும் விலாசமும் நுகர்வோர் எண்ணும் பளிச்சென்று. பையன் ரொம்ப நேரம் அந்த விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “எங்க வீட்டு நம்பர் அங்கிள்” என்றான்.

ஸ்கேன் நகல் அசலுக்குச் சமம் ஆகாதுதான். ஆனால் எண் கிடைத்துவிட்டதே. அதைக் கொண்டு பழைய ரசீதின் சான்று கேட்கலாம், வங்கியில் கணக்கு துவங்கிய தேதிக்குக் கடிதம் கேட்கலாம். எண் இல்லாமல் எந்தக் கவுன்ட்டரில் போய் என்னவென்று கேட்பது?

அன்று ராத்திரி நான் நினைத்துக்கொண்டேன். ஒரு மெயில் மூட்டையைக் குடிமாற்ற எவ்வளவு பார்க்கிறோம். எண்ணிப் பார்க்கிறோம், புது இடத்தில் எல்லாம் ஓடுகிறதா என்று சோதிக்கிறோம், பழையதை உடனே அழிக்காமல் ஒரு மாதம் பூட்டி வைக்கிறோம். கேம்ப்பில் மே 9 உத்தரவு, ஜூன் 1 இடிப்பு. நரேலா அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வேலை ஜங்புராவில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி லோதி எஸ்டேட்டில். நாலாவை அகலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்தில் முதலில் நனைந்தவர்களும் அவர்கள்தானே. அவகாசத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தண்டர்பேர்ட், “உங்கள் ப்ரொஃபைலைத் திறக்க முடியவில்லை, காணாமல் போயிருக்கலாம்” என்றது. கார்டு பொந்தில் பத்திரமாக இருந்தது. பேரன் ஒரு பென் டிரைவைச் செருகிவைத்து மறந்துவிட்டான். கம்ப்யூட்டர் துவங்கும்போது அது முந்திக்கொண்டு டி என்ற எழுத்தைப் பிடித்துவிட்டது. கார்டு ஈ ஆகிவிட்டது. முகவரிச் சீட்டில் டி என்று எழுதியிருக்க, வீடு ஈ-யில். பென் டிரைவைக் கழற்றினால் போதும், ஆனால் எத்தனை நாளைக்குக் காவல் காப்பது? டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்க் கார்டுக்கு யாரும் போட்டிக்கு வராத ஓர் எழுத்தை நிரந்தரமாகக் கொடுக்கலாம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. பையனிடம் டெலிபோனில் என்ன எழுத்து வைக்கலாம் என்று கேட்டேன். “எம் வைங்க அங்கிள். எம் ஃபார் மதராசி” என்றான். எம் ஆயிற்று, ப்ரொஃபைல் மேனேஜரில் புது முகவரியும் சொல்லியாயிற்று.

எல்லாப் புரோகிராமும் தண்டர்பேர்ட் போல முகவரி மாற்றத்துக்குச் சம்மதிப்பதில்லை. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களுக்கு ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பக்கமே இருக்கிறது, அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐஃபோன் வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில், ஐடியூன்ஸ் எடுக்கும் பேக்கப் சி டிரைவிலேயே போய் உட்காரும்; பத்து, இருபது ஜிபி விழுங்கும்; வேறிடம் போ என்று சொல்ல அதில் ஒரு மெனுவும் கிடையாது. அதற்கு ஜங்ஷன் என்ற வழி உண்டு. பேக்கப் ஃபோல்டரை வேறு டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு, பழையதன் பெயரை மாற்றி, அந்தப் பழைய பெயரிலேயே ஒரு வழிகாட்டிப் பலகை நடுவது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எம்கேலிங்க், பிறகு ஸ்லாஷ் ஜே, பிறகு பழைய முகவரி, பிறகு புது முகவரி, இந்த வரிசையில் அடிக்க வேண்டும். முகவரிக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். புரோகிராம் பழைய கதவைத் தட்டும், பலகை அதைச் சத்தமில்லாமல் புது வீட்டுக்கு அனுப்பிவிடும். கழற்றி மாட்டுகிற கார்டுக்கு இது அவ்வளவு உசிதமில்லை. கார்டு இல்லாத நாளில் பலகை வெறும் வெளியைக் காட்டும். டெஸ்க்டாப்பில் நிரந்தரமாக இருக்கும் இரண்டாவது டிஸ்க்குக்கு நன்றாகப் பொருந்தும். யாராவது ஆப்டேட்டா முழுவதையும், அல்லது புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதையும் தூக்கி மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு புரோகிராமாகத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. குடிமாற்றுவது வேறு, பிரதி வைப்பது வேறு. மெமரி கார்டு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். பழைய மூட்டையை நான் அழிப்பதற்கு முன் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சி டிரைவில் இருந்ததை நீக்கினேன். 300 எம்பி இருந்த இடம் 7 ஜிபிக்கு மேல் ஆயிற்று. புது இடத்தில் காம்பேக்ட்டும் செய்தேன், ராசிபலன்கள் எல்லாம் தொலைந்து இன்பாக்ஸ் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அந்த லேப்டாப்புக்கும் ஆயுசு அதிகமில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி வேண்டும், இதில் அது ஏறாது. ஆனால் மூட்டை இப்போது வெளியே இருப்பதால் கவலையில்லை. கார்டை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, அங்குள்ள தண்டர்பேர்ட்டுக்கு முகவரி சொன்னால் போதும். அதில் இருப்பது அடுத்தவர்களின் காகிதம் என்பதால் கார்டை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

செய்தி பரவிவிட்டது. அந்த மாதத்திலேயே கேம்ப்பில் இருந்த இன்னும் மூன்று பேர், ஒருவர் நரேலாவிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, “எங்களோடது இருக்கா சார்?” என்று கேட்டு வந்தார்கள். இரண்டு பேருடையது இருந்தது. ஒருவருடையது இல்லை, அவர் என்னிடம் காகிதமே கொடுத்திருக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததைத் தாம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் தம் மறுபரிசீலனை மனுவை ரசீது நகலோடு கொடுத்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. மனு பெற்றுக்கொண்டதற்குச் சீல் போட்ட துண்டு ஒன்று கொடுத்தார்களாம். மறுநாளே பையன் அதைக் கொண்டுவந்தான், ஸ்கேன் செய்து எம்-மில் போட்டிருக்கிறேன்.